தேக்காவில் யாருக்குப் பசி?

சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். தேக்காவில், அதாவது இங்குள்ள லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் வைத்திருந்த பழைய சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றனவாமே, அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறதா, இனி நீ எங்கே போய் இட்லி தின்பாய் என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலைச் சித்தியிடம் சொல்லிவிடுங்கள்: நான் இளைக்கவில்லை. நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்காமல் இந்தத் தீவில் இளைத்தவன் ஒருவனையும் காட்ட முடியாது. அப்படிச் சொல்கிறவனின் சட்டைப் பித்தானைப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் புலம்பலில் கடை மூடுவது என்னவோ உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை. பிள்ளைகள் தமிழை மறந்தார்கள், சாம்பாரை மறந்தார்கள், ஆகவே கடை போயிற்று என்கிறது அது. என் கட்சி வேறு. பிழைக்கப் போன ஊரில் நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை மொழிப்பற்றாலோ ஊர்ப்பற்றாலோ நிற்பதில்லை. சொந்தமாக அடுப்பு இல்லாத ஆள் புதிது புதிதாக வந்து இறங்கிக்கொண்டே இருப்பதால் நிற்கிறது. அந்த வரத்து நின்றால், பிள்ளைகள் திருக்குறளைத் தலைகீழாக ஒப்பித்தாலும் கல்லாவில் காசு விழாது.

வாதத்துக்குப் போகுமுன் இங்கே சாப்பிடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் வந்து இறங்கிய அன்றே அபராதம் கட்டுவீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் இங்குள்ள அங்காடி உணவகங்களில் சாப்பிட்டவனே தட்டை எடுத்துக்கொண்டுபோய் அதற்கென்று வைத்திருக்கும் அடுக்கில் வைக்க வேண்டும். அடுத்த ஜனவரியிலிருந்து காப்பிக்கடைகளுக்கும் அதே சட்டம். முதல் தடவை தவறினால் எழுத்தில் எச்சரிக்கை. இரண்டாம் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்கும் மசியாதவனுக்கு நீதிமன்றம். தட்டு மட்டும் என்று நினைக்காதீர்கள். கசக்கிய காகிதம், உறிஞ்சுகுழல், மீன் முள், சிந்திய பருக்கை எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. முருங்கைக்காயை மென்று சக்கையை இலைக்குப் பக்கத்தில் கோபுரமாகக் கட்டி எழுப்புகிற உங்கள் கலைக்கு நம்ம மாமல்லபுரத்தில் மரியாதை உண்டு. இங்கே அது பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வருகிற குற்றம். கல்யாண வீட்டில் விருந்தாளி தன் இலையைத் தானே எடுத்தால் பெண் வீட்டாருக்கு அவமானம். இங்கே எடுக்காவிட்டால் அவனுக்கு அவமானம். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிரிக்காத காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று மேசையில் கிடந்தால் அது நாம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்குச் சமம். உலகமே அதை மதித்து வேறு மேசைக்குப் போய்விடும். அதே பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை உபயோகித்து விட்டுவிட்டுப் போனால் குற்றம். ஒரே காகிதம், பிரிப்பதற்கு முன்னால் பட்டா, பிரித்த பிறகு ஆக்கிரமிப்பு.

தட்டை வைக்கிற அடுக்கிலும் இரண்டு வகை. ஹலால் தட்டுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. ஆட்டுக்கறி தின்ற தட்டும் பன்றிக்கறி தின்ற தட்டும் கழுவுமிடத்தில்கூடச் சந்திக்கக் கூடாது என்பது ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனால் தயிர்சாதம் சாப்பிட்ட ஆச்சாரமான மனிதர் இரண்டு அடுக்குக்கும் நடுவில் தட்டோடு நிற்பதைப் பார்த்தால், சைவமும் வைணவமும் ஆயிரம் வருடம் தீர்க்காத விவகாரத்தை இந்த ஊர் சுகாதாரத் துறையிடம் விட்டுவிட்டது என்று தோன்றும். காக்கையும் மைனாவும் எச்சிலுக்கு வந்து கூடுகின்றன, துப்புரவு செய்கிற வயதானவர்களுக்குச் சுமை குறையும் என்பதெல்லாம் அரசாங்கம் சொன்ன காரணங்கள். பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. வாழையிலை போட்டுப் பரிமாறும் ரேஸ் கோர்ஸ் ரோட்டு உணவகங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, இருபது வெள்ளி கொடுத்தால் இலையை மடித்துவிட்டு எழுந்து போகலாம். ஆறு வெள்ளிக்காரன் தானே தூக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் சமத்துவம் இவ்வளவுதான்.

மேசையை இவ்வளவு நுணுக்கமாகக் காக்கிற அரசாங்கம் அடுப்பைக் காக்காதா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. காக்கிறது, ஆனால் சுவரை. 1989 ஜூலையில் தேக்கா வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அரசிதழில் அறிவித்தார்கள். அஞ்சடி நடைபாதையின் அகலம், ஜன்னல் பலகை, ஓடு, முகப்பு எல்லாம் அதில் பத்திரம். உள்ளே மாவு அரைப்பவன்தான் இருக்க வேண்டும் என்று அந்த அறிவிப்பு கட்டாயப்படுத்தவில்லை. அதே 1989-இல், மார்ச் மாதம், இன்னொரு காரியமும் நடந்தது. அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. இந்தியர்களுக்கு அன்று வட்டாரத்துக்குப் பத்து, ஒரு கட்டடத்துக்குப் பதின்மூன்று சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தமிழர் கூடி வாழ்கிற தெரு என்று இனி ஒன்று வீவக வட்டாரங்களில் உருவாகவே முடியாது. ஏற்கெனவே இருந்த தெருவின் சுவர் மட்டும் அப்படியே இருக்கும். இந்த உச்சவரம்பு கலவரங்களைக் கண்ட நாட்டின் பயத்திலிருந்து பிறந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்கும் முன்பே நம்மவர்கள் புது வீடுகளைத் தேடித் தீவெங்கும் போய்விட்டார்கள். தேக்காவில் குடியிருக்கிற தமிழ்க் குடும்பத்தை நம்பி அங்கே கடை நடக்கிறது என்றால், கடைகள் நாற்பது வருடம் முன்பே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

அந்தத் தெரு எந்தக் காலத்திலும் நமக்கு மட்டும் சொந்தமாக இருந்ததும் இல்லை. சுண்ணாம்புக் காளவாய்களும் மாட்டுத் தொழுவங்களும் இருந்த இடம் அது. மாட்டு வியாபாரத்தில் பெரிய கை கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூதர். வெள்ளைக்காரர்கள் குதிரைப் பந்தயத்துக்கு மைதானம் வைத்திருந்தார்கள். இன்றைக்கு லிட்டில் இந்தியா என்று சுற்றுலாக்காரர்கள் விழுந்து விழுந்து படம் எடுக்கிற, கோயில் கோபுரத்துக்குப் போட்டியாக வண்ணம் பூசிய வீடு கெர்பாவ் ரோட்டில் இருக்கிறதே, அது 1900-இல் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி கட்டியது. இதைச் சொன்னால் இங்கே சிலருக்கு முகம் வாடும். எனக்கு அது தெம்பு தருகிறது. ஏனென்றால் தெரு எப்போதும் மாறிக்கொண்டேதான் இருந்தது. மாற்றத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் பிரயோசனம் இல்லை.

ஆள் வரத்து நின்ற தெரு என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் லிட்டில் இத்தாலி என்று ஒரு பேட்டை உண்டு. மல்பெரி தெரு, கிராண்ட் தெரு. தெற்கு இத்தாலியின் வறண்ட கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த கூலிக்காரர்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களை நம்பிப் பாலாடைக்கட்டிக் கடையும் ரொட்டிக் கடையும் வந்தன. 1924-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கி இத்தாலியர் வரத்தை ஏறக்குறைய அடைத்தது. பிறகு சட்டம் தளர்ந்தபோது இத்தாலியில் தொழில் பெருகி, கப்பலேற வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகள் படித்து, தோட்டம் வைத்த வீடு வாங்கிப் புறநகருக்குப் போனார்கள். 2010-ஐ ஒட்டி எடுத்த கணக்கெடுப்பில், இத்தாலியில் பிறந்தவர் ஒருவர்கூட அந்தப் பேட்டையில் குடியிருக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. சைனாடவுனையும் லிட்டில் இத்தாலியையும் சேர்த்து அந்நாட்டின் வரலாற்று இடங்கள் பட்டியலில் ஏற்றியதும் அதே 2010-தான்! ஆள் போனபின் பெயர்ப்பலகை வந்தது. 1892-இலிருந்து அங்கே பாலாடைக்கட்டி விற்றுவந்த அல்லேவா கடை 2023-இல் வாடகைப் பாக்கியில் மூடியது. அந்தப் பேட்டையின் பிள்ளைகள் பாஸ்தாவை மறந்தார்களா? அமெரிக்காவில் பாஸ்தா தின்னாதவனே கிடையாது. ஊரே தின்கிறது, தெருவுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று. சாம்பாரை மறந்ததால் கடை போயிற்று என்கிறவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை.

தேக்கா இன்னும் அந்த நிலைக்கு வராததன் காரணத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கலாம். கட்டடம் கட்டுகிற, கப்பல் பட்டறையில் பற்றவைக்கிற, சாக்கடை தோண்டுகிற ஆட்கள் தீவின் ஓரங்களிலுள்ள தங்கும் விடுதிகளிலிருந்து அங்கே வருகிறார்கள். வாரம் முழுக்க இவர்களில் பலர் சாப்பிடுவது உணவுக் குத்தகைக்காரர் அனுப்பும் பொட்டலம். மதியச் சாப்பாடும் விடிகாலையிலேயே கட்டி வந்துவிடும். வெயிலில் வேலையிடத்தில் கிடந்து, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது குழம்பு புளித்திருந்தால் அதற்குப் பெயர் விதி. ஞாயிற்றுக்கிழமை கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவுக்கும் ஆவி பறக்கிற இட்லிக்கும் அவன் கொடுக்கிற காசு பாரம்பரியத்துக்குக் கொடுக்கிற காசு இல்லை, சூட்டுக்குக் கொடுக்கிறது. பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ, வெற்றிலை, கறிவேப்பிலை என்று கடை வெளியே வழிகிறதே, அங்கே வாங்குவது வீவக வீட்டுக் குடும்பங்கள். அவர்கள் காய்கறிக்காக வருகிற பை. தெருவின் அடுப்பை விடாமல் எரியவைப்பது அந்தத் தொழிலாளிதான்.

இதற்குச் சான்று வேண்டுமானால் 2020 இருக்கிறது. கொரோனா வந்தது; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுதிக்குள்ளேயே அடைத்தார்கள். ஊரிலுள்ள மற்றவர்களான நாங்கள் சில மாதத்தில் வெளியே வந்து கடைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டோம். அவர்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேர் வரை சில மணி நேரம் வெளியே அழைத்துவந்தார்கள். போக அனுமதித்த முதல் இடங்களில் ஒன்று லிட்டில் இந்தியா. யோசித்துப் பாருங்கள்: அந்தக் காலம் முழுவதும் தேக்காவில் தமிழ் இருந்தது, கோயில் இருந்தது, 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருந்தது, என்னைப்போல் நாக்கை வளர்த்தவர்கள் இருந்தோம். கடைக்காரர்கள் நொந்தே போனார்கள். மரபு இருந்த இடத்திலேயே இருந்தது; வாடிக்கை ஆள்தான் இல்லை. இதற்கு நேர்மாறான சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. தேக்கா சந்தைக்கு எதிரே 2003-இல் குளிர்பதன வசதியோடு ஒரு பேரங்காடி திறந்தார்கள். ஓடவில்லை. பெயரை மாற்றினார்கள், அப்போதும் ஓடவில்லை. கடைசியில் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். எதிரே ஈரத்தரையும் மீன் வாடையுமாக இருக்கிற சந்தை அப்படியே இருக்கிறது. பசித்தவன் கண்ணாடிக் கதவுக்குள் போவதில்லை.

வாடகைதான் காரணம், ஆள் வரத்து இல்லை என்று நீங்கள் மறிக்கலாம், கணக்கு வாத்தியாராயிற்றே. வாடகை ஏறியிருக்கிறது, உண்மை. டன்லப் தெருப் பக்கம் முதுகுப்பை சுமக்கிறவர்களுக்கான விடுதிகளும் நவநாகரிகக் காப்பிக்கடைகளும் வந்து, அவர்கள் கொடுக்கத் தயாராக இருக்கிற தொகையை மசால்வடை விற்று எடுக்க முடியாது. ஆனால் வாடகை எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டுவதில்லை. மேசை ஒரு நாளைக்கு இருபது தடவை நிரம்புகிற கடை தாங்குகிறது. ஊர் ஞாபகத்துக்கு மாதம் ஒருமுறை வருகிறவனை நம்பிய கடை விழுகிறது. கோமளவிலாஸ் 1947-இலிருந்து செரங்கூன் ரோட்டில் இருக்கிறது; 2015 நவம்பரில் இந்த நாட்டின் அப்போதைய பிரதமர் நம்ம பிரதமரை அங்கேதான் சாப்பிட அழைத்துப்போனார். இரண்டு பிரதமர்கள் சாப்பிட்டதால் அந்தக் கடை நிற்கவில்லை. ஆக, வாடகை கத்தி என்று ஒப்புக்கொள்கிறேன். கழுத்தை நீட்டவைப்பது கூட்டக்குறைவு.

அடுத்த மறுப்பு: கூட்டம் இருந்தும் சமைக்க ஆள் இல்லையே? இது கனமான மறுப்பு. இங்கே பிறந்த பிள்ளை காலை நாலு மணிக்கு எழுந்து மாவுப் பானையைக் கிளற மாட்டான். அவன் அப்பாவே அதை விரும்புவதில்லை, விரும்பியிருந்தால் அவனை எதற்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்? ஊரிலிருந்து மாஸ்டரைக் கூட்டிவரலாம் என்றால் அங்கேதான் வேடிக்கை. உணவகம் போன்ற சேவைத் தொழில்களுக்கு வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்க மலேசியா, சீனா முதலான சில இடங்கள்தான் பட்டியலில் இருந்தன, இந்தியா இல்லை. அதாவது தோசை சுடுவதற்குச் சீனாவிலிருந்து ஆள் கொண்டுவரலாம், கும்பகோணத்திலிருந்து கொண்டுவர முடியாது என்று இருந்தது. அதே கும்பகோணத்தான் பாலத்துக்குக் கம்பி கட்ட வருவதற்குத் தடை இல்லை. 2023 செப்டம்பர் 1-இலிருந்துதான், இந்திய உணவகங்களுக்கு மட்டும், இந்தியச் சமையற்காரரை அந்தச் சீட்டில் எடுக்கலாம் என்று வழி திறந்தார்கள். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம், மொத்த ஆட்களில் 8 சதவீதத்துக்கு மேல் கூடாது. பத்துப் பேர் வேலை செய்கிற கடைக்கு எட்டு சதவீத மாஸ்டர் என்றால் எந்தப் பாகம் விமானமேறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆனால் என் கட்சிக்கு இது பலம்தான் சேர்க்கிறது. சாப்பிடுகிறவனைப் போலவே சமைக்கிறவனும் புதிதாக வந்து இறங்க வேண்டும். வரவிடாத இடத்தில் கடை சாகிறது. அதைப் பிள்ளைகளின் மறதி என்று பேர் வைப்பது எளிது.

சரி, ஆளும் வருகிறான், கடையும் நடக்கிறது, ஆனால் பழைய ருசி போய்விட்டதே என்று கடைசியாக ஒரு குரல் வரும். பழைய ருசி எது? சிங்கப்பூரின் பெருமையான மீன் தலைக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 வாக்கில் கோமஸ் என்ற மலையாளி, சீனர்கள் மீன் தலையை விரும்பித் தின்பதைப் பார்த்து, அதை நம்ம குழம்பில் போட்டு வியாபாரம் ஆக்கினார். கேரளத்திலும் இந்த வடிவில் கிடையாது, சீனாவிலும் கிடையாது. பிறகு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழர் கடைகள் எடுத்துக்கொண்டன. இன்றைக்கு அது பாரம்பரியம். சங்கராத் தலை ஒன்றுக்கு இங்கே கொடுக்கிற விலையை எழுதினால் நம்ம ஊர்ப் பக்கத்துத் தேவனேரி குப்பத்தில் யாரும் மீன் உடம்பை விற்க மாட்டார்கள், தலையை மட்டும்தான் ஏற்றுமதி செய்வார்கள். ஆகவே எழுதவில்லை. வரத்து மாறினால் ருசியும் கடையும் மாறும் என்பதற்கு லெம்பு ரோட்டுப் பக்கம் போனால் போதும். அங்கே பெயர்ப்பலகை வங்காளத்தில் இருக்கிறது, தட்டில் இலிஷ் மீன் இருக்கிறது. பங்களாதேஷ் ஆட்கள் வந்தார்கள், பின்னாலேயே கடை வந்தது. நம்மவர்கள் இதைப் பார்த்து முணுமுணுப்பதுண்டு. நம்ம ஊர்ப் பக்கம் மறைமலை நகரிலும் சிங்கப்பெருமாள்கோயிலிலும் இந்தியில் எழுதி ரொட்டியும் ஆலுவும் விற்கிற கடைகளைப் பார்த்து நீங்கள் முணுமுணுக்கிறீர்களே, அதே சுருதி. கம்பெனியில் ஷிப்டு முடிந்து வருகிற வடக்கத்திப் பையனுக்கு அறையில் அடுப்பு இல்லை, சித்தப்பா. உங்களுக்கு ஆக்கிரமிப்பாகத் தெரிகிற அந்தக் கடை அவனுக்குத் தேக்கா.

இதில் எனக்கே பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. தேக்கா இப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது, சொந்த அடுப்பில்லாமல் விடுதியில் அடுக்குக் கட்டிலில் படுக்கிற பையன்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, முதல் வருடச் சம்பளத்தை அதற்கே கொடுக்கிற பையன்கள். அவர்களில் அடிபட்டு வேலையிழந்து நஷ்டஈட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு 2008-இலிருந்து ஒரு தொண்டமைப்பு அந்த வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலேயே இலவசமாகச் சோறு போடுகிறது. 2013 டிசம்பர் 8 ராத்திரி அந்தத் தெருவில் விபத்தும் கலவரமும் நடந்த பிறகு, இவர்கள் ஒரே இடத்தில் சேராமல் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் பெருகினார்கள். மது விற்க நேரக் கட்டுப்பாடு வந்தது, விடுதிகள் பக்கத்திலேயே பொழுதுபோக்கு நிலையங்கள் வந்தன. என் போன்றவர்கள், கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று சனிக்கிழமையே போய் நெய்ரோஸ்ட் தின்றுவிட்டு, தெரு களை இழந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து பெருமூச்சு விடுகிறோம். களை என்று நாங்கள் சொல்வது யாருடைய வியர்வை என்று கேட்டால் பதில் இல்லை. திருக்கழுக்குன்றத்துப் பையனுக்கு ஓரகடத்துத் தொழிற்சாலையிலேயே நல்ல சம்பளம் கிடைத்து அவன் விமானமேறாமல் இருந்தால் தேக்காவில் நாலு கடை மூடும். மூடட்டும் என்றுதான் சொல்வேன். வர விரும்புகிறவனைச் சீட்டும் சதவீதமும் காட்டி நிறுத்துவதால் மூடினால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மூடுவது ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இனி நம்ம ஊர் விஷயம். மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெரு வீட்டின் கீழ்த்தளத்தைப் பீட்சாக் கடைக்குக் கேட்கிறார்கள் என்று சித்தி சொன்னாள். நீங்கள் ஊர்க் கௌரவம் என்று யோசிப்பதாகவும் சொன்னாள். தாராளமாக விடுங்கள். வலை காய்ந்த திண்ணையில் பாஸ்தாவும் பான்கேக்கும் எழுதிய பலகை சாய்ந்து நிற்க ஆரம்பித்து எத்தனை காலம் ஆயிற்று. 1984-இல் யுனெஸ்கோ நம்ம ஊரைப் பட்டியலில் ஏற்றியதற்கு நாம் வாங்கிக்கொண்ட சம்பளம் அது. பதினொரு மாத ஒப்பந்தம் போடுங்கள், அட்வான்ஸை முழுதாக வாங்குங்கள், புகைபோக்கி வைக்கிறேன், சுவரை இடிக்கிறேன் என்றால் தொல்லியல் துறைக்காரர் 100 மீட்டர், 200 மீட்டர் என்று டேப்போடு வருவார் என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு வரி மட்டும் ஒப்பந்தத்தில் சேருங்கள்: வாசலோரம் விடியற்காலையில் ஆப்பமும் வடையும் போடுகிற அக்காவை எழுப்பக் கூடாது. பீட்சாக்காரன் டிசம்பர், ஜனவரிக் கூட்டத்தையும் சென்னையிலிருந்து சனிக்கிழமை காரில் வருகிறவர்களையும் நம்பி வருகிறவன். அக்கா படகு இழுத்துக் கரையேறுகிறவனை நம்பி இருக்கிறவள். கொரோனாவால் வெள்ளைக்காரர்கள் வராமல் போன அந்த இரண்டு வருடத்தில் அந்தத் தெருவில் எந்த அடுப்பு முதலில் அணைந்தது, எது திரும்ப முதலில் எரிந்தது என்று எனக்கு நீங்கள் எழுத வேண்டும் என்பதில்லை. வாடகையை மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.

சித்திக்கு வணக்கம். ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உங்களுடையதையும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்